முட்டைக்கு ஒரு வம்சம், கறிக்கு ஒரு வம்சம்

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கூடையில் பச்சையும் ரோஸுமாகக் கலர் கோழிக்குஞ்சு விற்பதைப் பார்த்திருப்போம். பெரும்பாலும் அவை முட்டை இனத்துச் சேவல்கள். பொரிப்பகத்தில் பொரிந்த அன்றே பெட்டையைப் பிரித்துப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். சேவல் முட்டையிடாது, கறிக்கு வளர்த்தாலும் தீவனக் காசுகூடத் தேறாது. அதனால் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது.

ஒரே பறவைக்கு இப்படி இரண்டு வம்சங்கள் எப்படி வந்தன? கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி ஆண்டுக்கு 10, 15 முட்டைதான் இடும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக் கோழி 300-ஐத் தாண்டுகிறது. கறிப் பக்கம் பாய்ச்சல் இன்னும் பெரிது. 1957-ஆம் ஆண்டு வம்சத்தையும் 2005-ஆம் ஆண்டு பிராய்லரையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 56-ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். ஊசியோ மருந்தோ இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த மரபின் வேலை இது.

ஆனால் எடையைக் கூட்டினால் முட்டை குறைகிறது. பிராய்லர் குஞ்சுகளின் தாய்க்கோழிக்கு வயிறு நிறையத் தீவனம் வைத்தால் கொழுத்து, கருமுட்டை வளர்ச்சி தாறுமாறாகிவிடும். அதனால் அவற்றுக்கு அளந்துதான் போடுகிறார்கள்.

எடையைப் பொறுக்குவது சுலபம். ஆறாவது வாரத்திலேயே சேவல், பெட்டை இரண்டையும் தராசில் வைத்துவிடலாம். முட்டை அப்படியல்ல. எந்தப் பெட்டை இட்டது என்று தெரிய, உள்ளே போனதும் கதவு தானாக மூடிக்கொள்ளும் கூண்டு வேண்டும். ஆள் வந்து எண்ணைக் குறித்துத் திறந்துவிட வேண்டும். ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் இதே வேலை. சேவலின் தகுதியை அதன் அக்கா தங்கைகளும் மகள்களும் இட்ட முட்டையை வைத்துத்தான் கணிக்க முடியும். போதாக்குறைக்கு, முட்டை எண்ணிக்கையில் பரம்பரையின் பங்கு குறைவு. வெளிச்சமும் வெயிலும் தீவனமும் கணக்கைக் குழப்பும்.

இவ்வளவு பொறுமை அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கு இருந்ததால்தான் நமக்கு நந்தனம் கோழியும் ஹைதராபாத்தின் வனராஜாவும் கிடைத்தன. புறக்கடையில் வளர்க்க நல்ல கோழிகள். ஆனால் கலப்பினத்தின் குஞ்சு தாயைப் போலவே இருக்காது. இத்தகைய கோழிகள் அடையிலும் சரியாக உட்காராது. முட்டை மட்டும் வேண்டும் என்பவருக்கு அடை நஷ்டம்தான். அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் நாட்டுக்கோழி வாரக்கணக்கில் முட்டையிடாது. இன்குபேட்டர் இல்லாத திருநின்றவூர்க் குடும்பத்துக்கோ அந்த 21 நாள் அடைதான் அடுத்த தலைமுறை.

இங்கேதான் கோபம் வருகிறது. சிவப்பும் கறுப்புமாக இறகு இருந்தாலே நாட்டுக்கோழி என்று சொல்லிக் கலப்பினக் குஞ்சை விற்கிறார்கள். வாங்கியவர் அடைக்குக் காத்திருந்து ஏமாறுகிறார். சுத்தமான அசில் என்ற நாட்டினப் பெட்டை இருக்கும் வீட்டிலும் இந்தக் கலப்புச் சேவல் சேர்ந்து வம்சம் கரைகிறது. தொலைந்த மரபைப் பிறகு எந்தப் பொரிப்பகமும் பொரித்துத் தராது. குஞ்சுப் பெட்டியின் மேல் தாய் தகப்பன் இனம், ஆண்டுக்கு எத்தனை முட்டை, அடைக்கு உட்காருமா என்று மூன்று வரி அச்சிட்டே விற்க வேண்டும் என அரசு விதிக்க வேண்டும். மாதவரம் கோழியின ஆராய்ச்சி நிலையம் அம்பத்தூருக்குப் பக்கம்தான். அந்த மூன்று வரியைச் சரிபார்க்கும் பொறுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.