கொம்போடு நிற்கும் தாய்மான்



டிசம்பர் பிறந்துவிட்டால் சைனிக்புரியின் கடை வாசல்களில் பஞ்சுத் தாடித் தாத்தாவும் அவருடைய வண்டியை இழுக்கும் மான்களும் வந்து நின்றுவிடுகின்றன. ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி என்னிடம், "பாஸ்டர் அங்கிள், அந்த மான் நிஜமா?" என்று கேட்டாள். "எல்லாம் கட்டுக்கதை" என்று அவளுடைய தகப்பனார் சொல்லிவிட்டாராம். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஒரு காலத்தில் நானும் பிரசங்க பீடத்திலிருந்தே அப்படிச் சொன்னவன்தான். தாத்தாவைத் தள்ளும் வேகத்தில், உயிருள்ள ஒரு சிருஷ்டியையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

கதை எது என்பதை முதலில் பிரித்துவிடுவோம். நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்துப் பேராயராயிருந்த நிக்கொலாவுக்கும் மானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எட்டு மான்கள் பெயரோடு வந்தது 1823 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் டிராய் நகரத்துச் செய்தித்தாளொன்று வெளியிட்ட கவிதையில். சிவந்த மூக்குள்ள ருடால்ப் இன்னும் இளையவன். 1939இல் மான்ட்கோமரி வார்டு என்னும் வணிக நிறுவனம் இலவசமாய் வழங்கிய சிறு புத்தகத்துக்காக ராபர்ட் மே எழுதியது அது. வியாபாரம் பெற்ற பிள்ளை என்றே சொல்லலாம்.

மானோ மெய்யானது. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடகோடியில் வாழ்கிறது. வட அமெரிக்காவில் அதையே கரிபூ என்கிறார்கள். சாமி என்னும் இனத்தார் (நம் ஊர்ச் 'சாமி' அல்ல, அவர்கள் இனத்தின் பெயரே அது) தலைமுறைகளாக அதை மந்தையாய் மேய்த்து, பனிச்சறுக்கு வண்டியிலும் பூட்டியிருக்கிறார்கள். ஆகவே வண்டி கற்பனையல்ல, பறப்பதுதான் கற்பனை.

எனக்கு வியப்பளித்தது அதன் கொம்பு. நம் நகரத்தின் மறுபக்கம் வனஸ்தலிபுரத்தில் மகாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறதே, அங்கே நாம் காணும் கிருஷ்ண ஜிங்கையில் முறுக்குக் கொம்பு கிடாவுக்கே உரியது; ஆயுள் முழுதும் உதிராது. துருவமானிலோ ஆண், பெண் இரண்டுக்கும் கொம்புண்டு. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். வளர்ந்த ஆண்கள் டிசம்பருக்குள் பெரும்பாலும் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. கருவுற்ற தாய்மான்கள் குட்டி ஈனும் வசந்தகாலம்வரை வைத்திருக்கின்றன. பனியைக் குளம்பால் தோண்டி எடுத்த இரையைக் கொம்பில்லாத ஆண் பறிக்க வந்தால் விரட்டுவதற்கு அது உதவுகிறது. நாம் அதைக் 'கலைமான்' என்று எழுதுகிறோம்; கலை என்றால் ஆண்மான்! கிறிஸ்துமஸ் அட்டையில் கொம்போடு நிற்பது பெண்ணாயிருக்கவே வாய்ப்பு அதிகம். (வண்டிக்குப் பழக்கும் விதையடித்த ஆண்களுக்கும் குளிர்காலத்தில் கொம்பு நிற்பதுண்டு. இதைச் சிறுமியிடம் சொல்லவில்லை.)

சிவந்த மூக்கிலும் சிறிது உண்மை உண்டு. அதன் மூக்கில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் மனிதரைவிட 25 சதவீதம் அடர்த்தி என்று 2012இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மூக்கு உறையாமல் காப்பது அந்த இரத்த ஓட்டமே. கண்ணின் உட்படலமோ கோடையில் பொன்னிறம், இருண்ட குளிர்காலத்தில் நீலம்.

"அங்கே மழை பெய்யுமா?" என்று அவள் கேட்டாள். மழைக்காக உபவாசமிருந்து ஜெபித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். பதில் சொல்ல எனக்குக் கடினமாயிருந்தது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின்மேல் மழை பெய்தது. அது உறைந்து, மேய்ச்சலின்மேல் பனிக்கட்டி மூடியாயிற்று. குளம்பால் உடைக்க முடியாமல் அந்தக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன. உலகமெங்கும் ஏறத்தாழ 48 லட்சமாயிருந்தவை மூன்று மான் தலைமுறைகளில் 29 லட்சமாய்க் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டு, 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவற்றை அழியக்கூடிய நிலையிலுள்ளவற்றோடு சேர்த்தது.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளுடைய தகப்பனார் என்னிடம் வந்தார். விவாதிக்க வருகிறார் என்று எண்ணினேன். வனஸ்தலிபுரத்துக்கு எங்கே பேருந்து மாறவேண்டும் என்று கேட்டார்.