பீட்டா என்னும் பொறுப்புத் துறப்பு

புதிய மென்பொருள்களின் 'பீட்டா' பதிப்புகளை முந்திக்கொண்டு தரவிறக்கிப் பார்ப்பதைப் பெருமையாகக் கருதும் இளம் நண்பர்கள் என்மீது சினங்கொள்ளக்கூடும். ஆயினும் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. வேலை முடியாத பண்டத்தைப் பொதுமக்கள் தலையில் கட்டிவிட்டு, அதன் குறைகளைக் கண்டுபிடிக்கும் உழைப்பையும் அவர்களிடமே கூலியின்றிப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்துக்கு இடப்பட்ட கௌரவமான பெயர்தான் பீட்டா.

நான் காலமெல்லாம் பணியாற்றியது பத்திரிகைத் துறையில். அங்கும் பீட்டா உண்டு, 'புறூவ்' என்போம். மை காயாத அந்தத் தாளை ஒப்புநோக்காளர் வாசிப்பார். பிறகு உதவி ஆசிரியர் வாசிப்பார். நீதிமன்றச் செய்தியாயின் செய்தி ஆசிரியரும் ஒருமுறை கண்ணோட்டம் விடுவார். அந்தத் தாளைக் கடையில் தொங்கவிட்டு, "பிழை கண்டால் எழுதி அனுப்புக" என்று வாசகரிடம் கேட்கும் துணிச்சல் எங்களில் எவருக்கும் வந்ததில்லை. பிழையோடு வெளிவந்த பத்திரிகைகள் எத்தனையோ உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் திருத்தம் வெளியிடும் கடமை எங்களுடையதாகவே இருந்தது.

எல்லாப் பீட்டாவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. 2000 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் மாக் ஓஎஸ் எக்ஸ் பொதுப் பீட்டாவை 29.95 டொலருக்கு விற்றது. புறூவுக்கும் காசா என்று கேட்கலாம். எனினும் அது 2001 மே மாதத்தில் தானாகவே செயலிழக்கும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. 2001 மார்ச்சில் முழுப் பதிப்பு வந்தபோது பீட்டாவை வாங்கியோருக்கு விலையில் கழிவும் கிடைத்தது. தொடக்கமும் முடிவும் உள்ள ஓர் ஏற்பாடு அது.

ஜிமெயிலின் கதை வேறு. 2004 ஏப்ரல் 1இல் அறிமுகமான அது 2009 யூலை வரை, ஐந்தாண்டுகளுக்கு மேலாக, பீட்டா என்ற முத்திரையுடனேயே உலாவியது. கோடிக்கணக்கானோரின் கடிதப் போக்குவரத்து அதில் நடந்தது. கடைசியில் முத்திரை எடுக்கப்பட்டது ஏன்? பெரிய நிறுவனங்கள் பீட்டா என்ற சொல்லைக் கண்டு காசு கொடுத்து வாங்கத் தயங்கின என்பதுதான் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம். அதாவது, பணம் தரும் வாடிக்கையாளர் முகம் சுளித்தபோது ஒரே நாளில் அகற்றக்கூடியதாக இருந்த சொல், இலவசப் பயனாளர்முன் ஐந்தாண்டுகள் தொங்கியது!

மென்பொருளாக்குநருக்கு முன்கூட்டியே பதிப்புக் கொடுப்பது அவசியம் என்பதை ஏற்கிறேன். புதிய இயங்குதளம் வரும் நாளில் அவர்களுடைய செயலிகள் உடைந்துவிடக் கூடாதல்லவா? ஆனால் அவர்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 2003 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலீஸில் மைக்ரோசொப்ட் நடத்திய மாநாட்டில், பின்னர் 'விஸ்டா' என்று பெயர்பெற்ற லோங்ஹோர்ணின் முன்னோட்டப் பதிப்பு வந்திருந்தோருக்கு வழங்கப்பட்டது. கோப்புகளை நிர்வகிக்கும் முறையையே மாற்றப்போவதாகப் பேசப்பட்ட 'வின்எப்எஸ்' அதன் தூண்களில் ஒன்று. 2004 ஓகஸ்டில் அது லோங்ஹோர்ணிலிருந்து கழற்றப்பட்டது. 2005 ஓகஸ்டில் தனியாக அதற்கொரு பீட்டா வந்தது. 2006 யூனில் திட்டமே கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதனை நம்பிக் கற்றவர்களின் இரவுகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

இதனினும் பாரதூரமானது 2018இல் நிகழ்ந்தது. விண்டோஸ் 10இன் அவ்வாண்டு ஒக்டோபர் மேம்படுத்தல் ஒக்டோபர் 2ஆம் திகதி வெளியிடப்பட்டு, சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. அதனை நிறுவிய சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயிருந்தன. 'இன்சைடர்' என்ற பெயரில் ஊதியமின்றிப் பரிசோதித்துவந்தோர் சிலர் இதே குறையை முன்னரே முறையிட்டிருந்தனர் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. முறைப்பாடுகளுக்குப் பயனாளர்கள் ஆதரவு வாக்கு அளிக்கும் ஏற்பாடு அங்கு இருந்தது. வாக்குக் குறைந்தவை குவியலுக்குள் அமிழ்ந்துபோயின. கோப்பு அழிவது பத்துப் பேருக்கு என்றால் அது சிறிய குறையா? போதாக்குறைக்கு, வெளியீட்டுக்குச் சற்று முன்னர் வழமையாக நடக்கும் இறுதிச் சுற்றுப் பரிசோதனையும் அம்முறை தவிர்க்கப்பட்டது. குறையின் கடுமையைக் குறிப்பிடும் வசதி பின்னரே சேர்க்கப்பட்டது. மறுவெளியீடு நவம்பர் 13இல் வந்தது. பரிசோதகர் கடமையைச் செய்திருந்தார். வாசிக்கத்தான் ஆளில்லை.

"லினக்ஸும் பயர்பொக்ஸும் அரைகுறையாய் வெளிவந்து வளர்ந்தவை அல்லவா?" என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் அங்கே மூலநிரல் திறந்திருக்கிறது. குறையைக் கண்டவர் தாமே திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று ஓட்டை எங்கே என்று சொல்லும்படி கேட்கப்படுபவரை அவருடன் ஒப்பிடுவது அநியாயம்.

இப்போது பீட்டா என்ற சொல்லும் பழையதாகி, 'முன்னோட்டம்' என்ற சொல் புழங்குகிறது. சட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் 'ஆராய்ச்சி முன்னோட்டம்' என்றே வெளியிடப்பட்டது. 2023 பெப்ரவரியில் மாதம் 20 டொலர் சந்தாவும் வந்துவிட்டது. அதே ஆண்டு யூனில், அது கற்பித்துக் கூறிய இல்லாத வழக்குத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டியமைக்காக நியூயோர்க் சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சரிபாராதது அவர்கள் குற்றமே. முன்னோட்டத்தை உலகுக்கே திறந்துவிட்டவர்களின் பங்கு அந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவில்லை.

நம்மைப் போன்ற மொழியினருக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 2018 பெப்ரவரியில் ஐபோன்களில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு வந்து விழுந்ததும் செயலிகள் நொறுங்கின. அது 'ஜ்ஞா' என்னும் கூட்டெழுத்து, ஞானத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து! எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியின் ஓர் எழுத்து, எல்லாப் பீட்டாக்களையும் கடந்து பொதுப் பதிப்பில் வந்து நின்றது. அடுத்த பெரிய பதிப்பின் பீட்டாவில் அது ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கோ அம்மாதம் 19ஆம் திகதிதான் திருத்தம் கிடைத்தது. பரிசோதிப்போர் எந்த மொழியில் எழுதுகிறார்களோ அந்த மொழியின் குறைகளே முதலில் அகப்படும். ஆகவே தமிழில் எழுதும் இளைஞர்கள் பீட்டாவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடுங்கள், கொம்பும் புள்ளியும் இடம்மாறினால் முறையிடுங்கள். கூடவே, அந்த முறைப்பாட்டை யார் வாசித்தார், என்று திருத்துவார் என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராத நிறுவனத்துக்கு இரண்டாவது முறைப்பாட்டை இலவசமாக எழுதிக் கொடுக்காதீர்கள்.