ஒளிந்திருக்கும் எதிரியும் ஒதுங்கி நிற்கும் டில்லியும்

சென்னையிலிருந்து வருகிற சாலை சேலத்துக்கு ஒரு கிளையும் திருச்சிக்கு ஒரு கிளையுமாகப் பிரிகிற இடம் உளுந்தூர்பேட்டை. இரவு பகல் என்றில்லாமல் லாரிகள் ஓடும் ஊர். ஓட்டுநரும், கிளீனரும், சுமை தூக்கும் தோழரும் ஒரு தேநீருக்காக இறங்கி ஏறும் ஊர். எய்ட்ஸ் என்ற சொல் தமிழ்நாட்டில் பரவிய நாளில், முதலில் பழி சுமத்தப்பட்டது இப்படிப்பட்ட சாலையோர ஊர்களின் மீதுதான். "லாரிக்காரன் நோய்" என்று பெயர் வைத்தார்கள், காரிலே போகிறவர்கள். பக்கத்திலே கூவாகம். சித்திரையில் அங்கே கூடுகிற திருநங்கையரைப் பார்த்தும் அதே விரல் நீண்டது. பழி சொல்வதற்குக் காசு செலவில்லை. ஆராய்வதற்குத்தான் காசு வேண்டும்.

அந்தக் காசைப் பற்றித்தான் நாம் இன்று எழுதுகிறோம்.

எச்.ஐ.வி.க்கு மருந்து இருக்கிறதே, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் உண்டு. நம் தோழர்களிலும் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்வது நம் கடமை.

மருந்து இருக்கிறது, மறுக்கவில்லை. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டார்கள் அயல்நாட்டுக் கம்பெனிகள். 2001-ஆம் ஆண்டில் பம்பாயின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் முதல் நாள், இந்திய சர்க்கார் அந்த மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. சாவதற்கென்று வந்து படுத்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். இன்று ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதை விடாமல் சாப்பிடுகிறவர் மற்றவரைப் போல் உழைக்கலாம், பிள்ளை பெறலாம். இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பரவுவதில்லை என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மை.

ஆனால் அந்த மாத்திரையை நிறுத்தினால்? இரண்டு, மூன்று, நான்கு வாரங்களில் கிருமி மீண்டும் இரத்தத்தில் தலை காட்டுகிறது. பத்தாண்டு சாப்பிட்டிருந்தாலும், இருபதாண்டு சாப்பிட்டிருந்தாலும் பெரும்பாலோர்க்கு இதே கதைதான். ஏன்?

கோரைப் புல்லைத் தெரியாத உழவன் உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் உண்டா? மேலே வெட்டினால் வயல் துப்புரவாகத் தெரியும். கீழே மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டதும் முளைக்கும். எச்.ஐ.வி. செய்வதும் இதுவே. நம் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களுக்குள் நுழைந்து, அந்த அணுவின் மரபுப் பொருளிலேயே தன்னையும் எழுதி வைத்துவிடுகிறது. அந்த அணுக்களில் சில ஓய்வுக்குப் போய் உறங்குகின்றன. உறங்கும் அணு கிருமியை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே மருந்துக்கு அது தெரியாது. உடலின் காவற்படைக்கும் தெரியாது. பத்து இலட்சம் உறங்கும் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் இப்படிப்பட்டது. அந்த ஒன்றுதான் அத்தனைக்கும் ஆதாரம்.

1997-இல் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு கணக்குப் போட்டார்கள். இந்த ஒளிவிடம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 44 மாதங்கள். முற்றிலும் கரைவதற்கு 73 ஆண்டுகள்! முப்பது வயதில் நோய் தொற்றிய ஓட்டுநர் நூற்று மூன்று வயது வரை மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அந்தக் கணக்கின் பொருள். அதுவும் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது: ஒளிந்திருக்கும் அணு உடலுக்குள்ளேயே தன்னைப் போல் வேறு அணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. கோரைக் கிழங்கு கொடி விட்டுக் கிழங்கு வைப்பதில்லையா, அப்படி!

அதனால்தான் ஆயுள் முழுதும் மாத்திரை. ஆயுள் முழுதும் என்றால் என்ன என்பதை டில்லியில் உட்கார்ந்து கோப்பு எழுதுகிறவர்கள் உணரமாட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற கூலித் தொழிலாளி ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பஸ் ஏறினால் அன்றைக்குக் கூலி இல்லை. கரும்பு வெட்டப் போன இடத்திலே மாத்திரை தீர்ந்தால், யாரிடம் கேட்பது? மேஸ்திரியிடம் சொல்லலாமா? சொன்னால் வேலை இருக்குமா? வீட்டிலே மாத்திரைப் புட்டியை எங்கே ஒளிப்பது என்று தவிக்கும் பெண்களின் எண்ணிக்கையை எந்தப் புள்ளிவிவரமும் சொல்வதில்லை. பாகுபாட்டைத் தடை செய்து 2017-இல் சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்தது. சட்டம் வந்தது, வெட்கம் போகவில்லை.

இன்னொன்று. மருந்து சாப்பிட்டாலும் ஒளிந்திருக்கும் கிருமி சும்மா இருப்பதில்லை. உடலுக்குள் ஓயாத புகைச்சல் ஒன்று நீடிக்கிறது. மாரடைப்பு போன்ற நோய்கள் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. அதோடு, மருந்து வழங்கும் கையே தடுமாறினால்? 2022-இல் தடுமாறியதே! மருந்துத் தட்டுப்பாடு என்று நோயாளிகள் தலைநகரிலே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நாற்பது நாட்களுக்கு மேல் அமர்ந்து போராடினார்கள். உயிர் காக்கும் மாத்திரைக்கு உட்கார்ந்து போராடும் நிலை ஒரு நாட்டுக்குப் பெருமையா?

ஆகவே, நோயை அடக்கி வைப்பது போதாது, அதை அகற்றும் வழி தேவை என்கிறோம். வழியே இல்லை என்று சொல்ல முடியாது; இருப்பதை மனிதன் காட்டிவிட்டான். திமோத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு இரத்தப் புற்று வந்தது. 2007-இல் பெர்லினில் அவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கிருமி நுழையும் வாசலே இல்லாத பிறவிக் கூறு கொண்ட ஒருவரிடமிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். எச்.ஐ.வி. போயிற்று. 2020-இல் அவர் இறந்தார். புற்று நோயால், எச்.ஐ.வி.யால் அல்ல. அவருக்குப் பின் லண்டனிலும் டூசெல்டார்ஃபிலும் வேறு சில ஊர்களிலும் இதே முறையில் சிலர் விடுபட்டிருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மஜ்ஜை மாற்று உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. புற்று நோயாளிக்குத்தான் செய்வார்கள். அந்தப் பிறவிக் கூறும் வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கிறது; நம்மவரிடம் கிட்டத்தட்ட இல்லை. அது நமக்கு வழியாகாது. வழி உண்டு என்பதற்குச் சாட்சி மட்டும் ஆகும்.

வேறு வழிகளைத் தேடுகிறார்கள். உறங்கும் அணுவை எழுப்பி, எழுந்ததும் அழிப்பது ஒன்று. உழவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நீர் பாய்ச்சிக் கோரையை முளைக்க விட்டு, பிறகு உழுது அழிக்கும் தந்திரம்தான். எழுப்ப முடியாமலே நிரந்தரமாகப் பூட்டி வைப்பது மற்றொன்று. மெல்போர்ன் நகரின் டோஹர்ட்டி நிலையத்தார் 2025-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள்: கொரோனா தடுப்பூசியில் பயன்பட்ட அதே வகைக் கொழுப்புத் துளிகளைப் புது மாதிரியாகச் செய்து, உறங்கும் அணுவுக்குள் கட்டளை ஒன்றை அனுப்பி, கிருமியை வெளியே தலை காட்ட வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் அணுக்களில் செய்த வேலை அது. மனித உடலில் இனிமேல்தான்.

இதைவிட நம் கவனத்துக்குரியது தென் ஆப்பிரிக்கா. டர்பன் நகரை அடுத்த உம்லாசியில், இருபது பெண்களிடம் புதிய மருந்துகளைச் செலுத்தி, பிறகு மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்தார்கள். 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள். இருபதில் நால்வர், சோதனை முடியும் வரை மாத்திரை இல்லாமலே இருந்தார்கள். நோய் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நால்வர்தானே என்று நாம் கைகொட்டிச் சிரிக்கவும் தேவையில்லை. டர்பனில் உழைக்கும் பெண்கள் வாழும் பேட்டையிலே இந்த ஆராய்ச்சி நடக்கிறது என்பதுதான் செய்தி!

அங்கே பரவியிருப்பது எச்.ஐ.வி.யின் 'சி' வகை. இந்தியாவில் பரவியிருப்பதும் பெரும்பாலும் அதே 'சி' வகை. உலகத்து நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருப்பதும் அதுதான். ஆனால் ஒளிந்திருக்கும் அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள 'பி' வகையின் மீது நடந்தது. பணம் போட்டவன் தன் ஊர் நோயைத்தான் ஆராய்வான். குறை சொல்ல முடியுமா? குறை நம்முடையது. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி நிலையத்தில் 'சி' வகை எப்படி உறங்குகிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு ஆய்வுக்கூடங்கள், ஒரு நாட்டின் இருபத்தைந்து இலட்சம் நோயாளிகளுக்குப் போதுமா?

இத்தனை காலம் அமெரிக்கா கொடுத்தது. 2021-இல் எச்.ஐ.வி.யை அகற்றும் ஆராய்ச்சிக்கென்று பத்துக் குழுக்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 30 இலட்சம் டாலர் என அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் மருந்து மையங்களே ஆடிப்போயின. அவ்வாண்டு மே மாதத்தில், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த இரண்டு பெரிய குழுக்களுக்கு இனிப் பணம் நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், உளுந்தூர்பேட்டை நோயாளியின் நாளைய நம்பிக்கை அழியும் நிலையிலா நாம் இருக்க வேண்டும்?

பணம் இல்லை என்பார்கள். தேசிய எய்ட்ஸ் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் பிரசாரத்துக்கும் அது வேண்டும். அதில் ஒரு பைசாவும் குறைக்கச் சொல்லவில்லை நாம். ஆனால் ஆராய்ச்சி என்று வந்தால், 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 தான் எல்லா விஞ்ஞானத்துக்கும் சேர்த்து! ராக்கெட்டும் அணுவும் பயிரும் மருந்தும் எல்லாம் அதற்குள். 2023-இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று சட்டம் போட்டு, ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் கோடி என்று முழங்கினார்கள். அதில் முப்பத்தாறாயிரம் கோடி, தொழிலதிபர்கள் உள்ளிட்ட வெளியாரிடமிருந்து வரும் என்றார்கள். ஏழையின் நோய்க்கு முதலாளி மனமுவந்து கொட்டுவான் என்பது, நம்மைப் பொறுத்தவரை, நம்பிக்கை அல்ல, வேடிக்கை.

திறமை இல்லை என்பார்களா? அதற்கும் பதில் நம்மிடமே இருக்கிறது. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று கண்டவர்கள் யார்? சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலாவிடம் என்ன இருந்தது? தகுந்த கருவி இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லை. எடுத்த இரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போய்ப் பரிசோதித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் இந்த நோயா என்று டில்லி நம்ப மறுத்த காலம் அது. நம்ப வைத்தாள் ஒரு தமிழ்ப் பெண்.

அதே வேலூரில் 2024-இல் நடந்ததையும் கேளுங்கள். பிறவியிலேயே இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய மூல அணுக்களில் மரபுக் கூறைத் திருத்தி ஏற்றி, இரத்தப் போக்கை நிறுத்தியதாக உலகப் புகழ் பெற்ற மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தை அணுவுக்குள் சுமந்து சென்ற வாகனம் எது தெரியுமா? எச்.ஐ.வி. சேர்ந்திருக்கும் அதே கிருமிக் குடும்பத்தைப் பல் பிடுங்கிப் பழக்கி எடுத்த வாகனம்! பாம்பை வைத்து மருந்து செய்தவர்கள் வேலூரில் இருக்கிறார்கள். பம்பாயில் ஐ.ஐ.டி.யும் டாட்டா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய புற்று நோய் அணு சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்றது; அயல்நாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்று அறிவித்தார்கள். அணுவை எடுத்துத் திருத்தி உடலுக்குள் திருப்பி அனுப்பும் கலை இந்நாட்டில் இருக்கிறது. எச்.ஐ.வி. ஒளிந்திருக்கும் அணுவை நோக்கி அந்தக் கலையைத் திருப்பத்தான் ஆணையும் பணமும் இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சிறுவங்கூரில் பெரிய கட்டடம். நல்லது. ஆனால் கட்டடம் மருத்துவரைத் தயாரிக்கும். கேள்வி கேட்கும் மாணவனைத் தயாரிக்க வேண்டுமானால் ஆய்வுக்கூடமும் உதவித் தொகையும் வேண்டும். இந்த மாவட்டத்து நோயாளிகள், தங்கள் முழுச் சம்மதத்தோடும் பெயர் வெளிவராத பாதுகாப்போடும், ஆராய்ச்சிக்கு இரத்தம் தர முன்வந்தால், அதை வாங்கிச் சேர்த்து ஆராய ஓர் ஏற்பாடு வேண்டும். சோதனை எலியாக நம் ஏழைகளை ஆக்கும் திட்டத்தை நாம் கேட்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் எதிர்ப்பதில் முதல் ஆளாக நிற்போம். அதே போல, "முற்றிலும் குணமாக்குகிறேன்" என்று ஊருக்கு ஊர் விளம்பரம் போடும் போலி வைத்தியர்களையும் தோழர்கள் அடையாளம் காட்ட வேண்டும். மெய்யான ஆராய்ச்சி வராத இடத்தில்தான் பொய்யான மருந்து விற்கும்.

டில்லி என்ன செய்ய வேண்டும்? எய்ட்ஸ் திட்டத்தின் அடுத்த கட்டத்தில், மருந்துக்கான தொகையைத் தொடாமல், ஒளிந்திருக்கும் அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தனித் தலைப்பில் தொகை ஒதுக்க வேண்டும். 'சி' வகையை முதலாவதாக வைக்க வேண்டும். தென் ஆப்பிரிக்காவோடு கை கோக்க வேண்டும். பொதுப் பணத்தில் கண்டுபிடித்த மருந்துக்கு எந்தக் கம்பெனியும் தனி உரிமை கொண்டாடி விலை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். 2001-இன் பாடம் அதுதான். சென்னை சர்க்காரும் டில்லியைக் கைகாட்டிவிட்டு நிற்க முடியாது. வேலூரும் சென்னையும் நம் எல்லைக்குள்தானே இருக்கின்றன?

இந்தத் தொகை பாராளுமன்ற உறுப்பினரின் வாயிலிருந்து ஒரு கேள்வியாகவாவது வெளிவர வேண்டுமானால், அவர் காதில் அது கீழேயிருந்து விழ வேண்டும். உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், கல்வராயன்மலை கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை மாவட்டச் செயலாளருக்கும் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்புங்கள். லாரித் தொழிலாளர் சங்கங்களிலும் படித்துக் காட்டுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களில் யார் மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்க வேண்டாம்.