நீட்டினால் ஹால், மடக்கினால் லாரி!

சக்கரம் வைத்த வீட்டில் வாசம் செய்பவர்கள் நம் ஊரில் இரண்டே பேர். ஒருவர் சினிமா ஹீரோ. கேரவனுக்குள் இருப்பார். இன்னொருவர் உற்சவர். தேருக்குள் இருப்பார். இரண்டு பேருமே லேசில் வெளியே வரமாட்டார்கள். வந்தால் கூட்டம் அம்மும். இந்த லிஸ்டில் மூன்றாவதாகப் பேர் கொடுக்கப் பார்த்தார் என் மாமனார்.

மாமா எண்ணூர்க்காரர். கத்திவாக்கத்தில் சொந்த வீடு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1955-ல் லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆயிற்றே, அந்த எண்ணூர் ஃபாக்டரியில் 34 வருஷம் உழைத்து ரிடையர் ஆனவர். தெருமுனையில் லாரி திரும்பும்போதே சத்தத்தை வைத்து அதற்கு என்ன உடம்பு என்று சொல்லிவிடுவார். அத்தைக்கு என்ன உடம்பு என்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

அத்தைக்கு முழங்கால் வலி. அது டாக்டருக்குத் தெரிந்த வியாதி. டாக்டருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. வெளியூர் என்றாலே "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்பார். காரணம் கேட்டால் பூனையைப் பார்த்துக்கணும், கேஸ் வரும், பாலுக்குச் சொல்லணும் என்று தினுசு தினுசாக வரும். நிஜக் காரணம் என் மனைவிக்குத்தான் தெரியும். பாத்ரூம்! ஹைவேஸில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவைக் காட்டுவார்களே, அதற்குப் பயந்து அந்த அம்மாள் பயணத்துக்கு முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அப்புறம் பயணத்தையே நிறுத்திவிட்டார். ராமேஸ்வரம் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது என் கல்யாணத்துக்கு முன்னால். என் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோம் ஒன்றைச் சுற்றிக் காட்டினான். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், கம்மோடு, எல்லாம் ஒரு பஸ்ஸுக்குள்! கடைசியில், "அப்பா, இதைப் பாருங்க" என்று ஒரு பட்டனை அழுத்தினான். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். சோபாவோடு, ஜன்னலோடு, பஸ்ஸின் பக்கவாட்டுச் சுவர் அப்படியே மூன்று அடி வெளியே போயிற்று. ஒற்றையடிப் பாதையாக இருந்த இடம் ஹால் ஆகிவிட்டது.

தீப்பெட்டியைப் பாதி தள்ளித் திறக்கிறோமே, அதே டெக்னிக்தான் ஸார். பேர் ஸ்லைடு-அவுட். ரோட்டில் ஓடுகிற வண்டி இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று சட்டம். அமெரிக்காவில் எட்டரை அடி, இங்கே 2.6 மீட்டர். ஏறக்குறைய ஒன்றேதான். நின்றபிறகு எவ்வளவு அகலம் என்று சட்டம் கேட்பதில்லை. அந்தச் சந்தில் புகுந்தவர்கள்தான் இண்டியானா மாநிலத்து நியூமார் கம்பெனிக்காரர்கள். மோட்டார் ஹோமில் இதை 1990-ல் கொண்டுவந்தார்கள். பட்டனை அழுத்தினால் மோட்டார் சுழலும். பல்சக்கரமோ, ஹைட்ராலிக்கோ, இரும்புக் கயிறோ அறையை வெளியே தள்ளும். ஓரத்தில் ரப்பர் பட்டை, மழை நுழையாமல். (மழையை ரப்பர் பட்டை தடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் போனதில்லை.)

வீடியோ கால் முடிந்தது. மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னா மாப்ள, ஒண்ணு வாங்கிட்லாமா?" என்றார்.

அவருக்குப் பணம் கொழுத்துப்போய்விட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இருப்பது ரிடையர்மென்ட்டில் வந்த பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும்தான். பாங்கில் போட்டு வட்டியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர் ஊர்க்காரருக்குச் சக்கரம் வைத்த வீட்டின் மேல் ஆசை வந்தால் அதில் நியாயம் இருக்கிறது. மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதிலிருந்து மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. இப்போது ரோட்டோரம் மலை மாதிரி கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். மாமா பிறந்த வீட்டைக் காட்டச் சொன்னால் கடலைப் பார்த்துக் கையை நீட்டுவார். "அதோ அந்த போட்டு நிக்குது பாருங்க, அதுக்குக் கொஞ்சம் இந்தாண்ட."

2023 டிசம்பர் வேறு. முதல் வாரம் மிக்ஜாம் புயல், வெள்ளம். வெள்ளத்தோடு எண்ணெய். முகத்துவாரம், படகு, வலை எல்லாம் கறுப்பு. மாமா வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு. மூன்று தடவை வெள்ளையடித்தும் லேசாகத் தெரிகிறது. அதைக் கழுவி முடிப்பதற்குள் 26-ம் தேதி நடுராத்திரி கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா. கண் எரிய, மூச்சு முட்ட, பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். மாமா ஸ்கூட்டரை எடுத்தார். முழங்கால் மடங்காத அத்தையைப் பின்னால் உட்காரவைக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால் இன்றைக்கும் பதில் சொல்லமாட்டார். "சக்கரம் இருந்தா ஒரு சாவி, ஒரு ஸ்டார்ட்டு. வூட்டோட கெளம்பிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

சரி, பார்ப்போம் என்று நானும் கிளம்பினேன்.

மோட்டார் ஹோம் கட்டித் தருகிறவர் ஒருவரைப் பிடித்தோம். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார். வீடு மாதிரி வண்டி கேட்டோம், வீட்டு விலையே சொன்னார். ஸ்லைடு-அவுட் வேண்டுமென்றால் அதற்குத் தனி. மாமா காபியை ஆறவிட்டார்.

"பழைய பஸ் ஒண்ண வாங்கி நம்மளே கட்டிட்டா?" என்றார் வெளியே வந்ததும். பஸ் பாடி கட்டக் கரூர் இருக்கிறது, லாரி பாடி கட்ட நாமக்கல் இருக்கிறது, வெல்டிங்குக்குத் தான் இருக்கிறேன் என்று அவர் கணக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் எண்ணூரிலிருந்து சேஸிஸ் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். கேபின் கிடையாது, கூரை கிடையாது. ஒரு பலகையில் உட்கார்ந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெறும் எலும்புக்கூட்டை வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு போவார். போய்ச் சேர்ந்த இடத்தில் அது பஸ்ஸாகும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்று தனி விதிமுறையே உண்டு. டெஸ்ட் செய்து சர்டிபிகேட் வாங்கவேண்டும். அப்புறம் எடை. கார் லைசென்ஸில் 7,500 கிலோ வரைதான் ஓட்டலாம். ஸ்லைடு-அவுட் என்றால் மோட்டார், தண்டவாளம், இரட்டைச் சுவர் என்று எடை ஏறிக்கொண்டே போகும். 200 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 200 கிலோ. அமெரிக்காவிலிருந்து பழசை இறக்கலாமே என்றான் மச்சான். இறக்குமதி விதி ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும் என்கிறது. அவன் ஊர் வண்டிக்கெல்லாம் இடது பக்கம். அத்தோடு அந்த யோசனைக்குப் பிரேக்.

நடுவில் மாமா என்னை எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராயபுரம் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே. ஒரு டிரைவர் வண்டி ஓரமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீழே ஸ்டவ் பற்றவைத்து மீன் குழம்பு கொதிக்கவிட்டிருந்தார். வாசனை! அமெரிக்காக்காரன் மோட்டார் போட்டுத் தள்ளுவதை இவர் ரெண்டு கயிற்றில் முடித்துவிட்டார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.ஸி. கட்டாயம். இவருடையது அதற்கு ரொம்ப முந்தி பிறந்தது.

மாமா விஷயத்தைச் சொன்னார். டிரைவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"வண்டி கெடக்குது நைனா. எங்க நிறுத்துவ?"

அதுதான் ஸார் கேள்வி! மாமா வீட்டுத் தெரு பத்தடி. எட்டரையடி வண்டியை நிறுத்தி, மூன்றடி ஹாலை நீட்டினால், அது எதிர்வீட்டம்மா கருவாடு காயப்போட்டிருக்கும் திண்ணையைத் தாண்டி அவர்கள் சமையல்கட்டில் போய் நிற்கும். ரெண்டு குடும்பமும் ஒரே ஹாலில் சீரியல் பார்க்கலாம். இன்னொன்று, எண்ணூர் உப்புக்காற்று. இரும்பு கேட்டே நாலைந்து வருஷத்தில் அப்பளமாக உதிரும். பல்சக்கரமும் தண்டவாளமும் என்னாகும் என்று மாமாவுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாதி வெளியே போய் மாட்டிக்கொண்டால் கையால் சுற்றி உள்ளே இழுக்க ஒரு கைப்பிடி தருவார்கள். நடுராத்திரி, கண் எரியும்போது, அந்தக் கைப்பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கவேண்டும். அறையை உள்ளே இழுக்காமல் வண்டியை எடுக்க முடியாது.

இதையெல்லாம் சொன்னேன். மாமா அசையவில்லை. ஆசைக்குக் காரணகாரியம் எடுபடாது என்பதை, ஷோரூம் வாசலில் பைக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு நான் விளக்கவேண்டுமா?

தீர்ப்பு சொன்னது அத்தை. அதுவும் கோலமாவை வைத்து.

விற்பனைக்காரர் கொடுத்த பிளானை மொட்டை மாடியில் நிஜ அளவில் போடச் சொன்னார். மாமா டேப்பைப் பிடிக்க, நான் கோலமாவில் கோடு இழுத்தேன். நீளம் ஏழு மீட்டர், அகலம் 2.6-க்குள். இது கட்டில், இது அடுப்பு, இது சோபா, கடைசியில் பாத்ரூம். அத்தை படியேறி வந்து கோலத்துக்குள் நுழைந்தார். 'வாசல்' வழியாகத்தான்! கற்பனை அடுப்பில் டீ போட்டார். சோபா இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"இது தள்ளி வச்ச நெலமதானே? வண்டி ஓடறப்ப எப்டி இருக்கும்? அதைப் போடுங்க."

துடைப்பத்தால் ஒரு பக்கத்தை அழித்து, சோபாவை உள்ளே தள்ளி வேறு கோடு போட்டேன். சோபா வந்து எதிர்ப்பக்க அடுப்பை இடித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு சாண்.

அத்தை எழுந்தார். பாத்ரூமைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"விழுப்புரம் தாண்டி எனக்கு அவசரம்னா நான் எப்டி அங்க போவேன்?"

மாமா பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரமா நிறுத்தி, பட்டனை அழுத்தி..."

"எந்த ஓரத்துல? லாரி வர்ற பக்கமா? ஹாலை நீட்டிட்டு நான் உள்ள போகணுமா? தமிழ்நாடே வேடிக்கை பார்க்கும்!"

மாமாவுக்கு 34 வருஷ சர்வீஸில் இப்படி ஒரு டிஸைன் ஃபால்ட்டை யாரும் காட்டியதில்லை. மச்சானுக்குப் போன் போட்டோம். "ஆமாப்பா, சில பிளான்ல மூடினா ஃப்ரிட்ஜைக்கூடத் திறக்க முடியாது, பார்த்துத்தான் வாங்கணும்" என்றான் சாவகாசமாக. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பாக்கெட் கோலமாவு மிச்சம்.

ஸ்லைடு-அவுட் அன்றோடு காலி. வண்டியே வாங்குவதா என்பது மட்டும் பாக்கி. அதையும் அத்தையே முடித்தார். "மொதல்ல ஒரு வாரம் வாடகைக்கு எடுங்க. என் முட்டி ஏறி எறங்குதான்னு பாப்போம். பாங்க் பணத்துல கைவைக்காதீங்க." வாடகைக்கு வழியிருக்கிறது. கேரளா 2021-லேயே கேரவன் டூரிஸத்துக்கு ஒரு கொள்கையே அறிவித்துவிட்டது. வாகமண்ணில் நிறுத்துவதற்கென்று பார்க்கே உண்டு. நம் பக்கத்திலும் விசாரித்தோம். நீட்டல் மடக்கல் எதுவும் இல்லாத, நேராக நடந்து போனால் பாத்ரூம் வருகிற, சின்ன வண்டி ஒன்று கிடைத்தது. கார் லைசென்ஸ் போதும். பிப்ரவரியில் ராமேஸ்வரம். அமோனியாவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஸ்கூட்டரை விற்றுவிட்டு, அத்தை ஏறுகிற உயரத்தில் ஒரு பழைய வேன் பார்த்துக்கொண்டிருக்கிறார் மாமா. எந்நேரமும் மூக்கைத் தெருப்பக்கம் வைத்தே நிறுத்துவாராம்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போது அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அந்த பாத்ரூம்ல போறதெல்லாம் எங்க போவுது?"

வண்டிக்கடியில் ஒரு தொட்டியில் சேரும், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை குழாய் மாட்டி, செப்டிக் டாங்க் இருக்கும் இடமாகப் பார்த்துக் காலி செய்யணும் என்று விளக்கினார் மாமா.

"யாரு செய்யணும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.