தனித்திருப்பது தகாது

ஹீமோபிலியா என்னும் ரத்தம் எளிதில் உறையாத வியாதி பிறவியில் வருவது, ஆயுளளவும் தொடர்வது. மூட்டுக்குள் கசியும் ரத்தம் நாளடைவில் காலை முடமாக்கும். இவ்வியாதியஸ்தருக்கு மருந்து மட்டும் போதும் என்பாரோடு நாம் உடன்படோம். நள்ளிரவில் முழங்கால் வீங்கித் தவிக்கும் வாலிபனுக்கு, அவ்வேதனையைத் தானும் அநுபவித்தவன் கூறும் ஒரு வார்த்தை பெருந் தைரியமளிக்கும்.

இந்நோயுடன் பிறந்த கனடா வாசி பிராங்க் ஷ்னாபல் 1963-இல் உலக சம்மேளனத்தை ஸ்தாபித்தார். 1983-இல் இந்தியாவிலும் ஒரு சம்மேளனம் தோன்றிற்று. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இந்நோயை ஊனங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. ஆயினும், சட்டம் ஏட்டளவில் நின்றால் பயனென்ன? மருந்து வேண்டுமென்று ஒருவன் தனித்துக் கேட்டால் யாசகம் என்பர். பலர் கூடிக் கேட்டால் உரிமையென உணர்வர்.

ஆகவே நோயை மறைத்து வீட்டுக்குள் ஒடுங்கற்க. ஜில்லாதோறும் நோயாளரும் பெற்றோரும் ஒன்றுகூடுக. ஊசி மருந்தைத் தாமே செலுத்திக்கொள்ளக் கற்றவர் புதியவர்க்குத் துணை நிற்க. இதுவே நமது வேண்டுகோள்.