மூடினால் தூங்குமா?

பெங்களூர் அலுவலகத்தில் சாத்திப் பையில் போட்ட லேப்டாப், அத்திப்பள்ளி வரும்போதே முதுகைச் சுட ஆரம்பித்தது. ஓசூர் தாண்டியதும் பை இட்லிப் பானை ஆகிவிட்டது. சூளகிரியில் இறங்கி வீட்டில் திறந்து பார்த்தால், 80 சதவீதம் இருந்த சார்ஜ் 9-க்கு வந்திருந்தது.

மூடினால் அணைந்துவிடும் என்பது நம்முடைய நினைப்பு. பெரும்பாலான லேப்டாப்பில் மூடியின் ஓரம் ஒரு சின்னக் காந்தம், கீழே அதை உணரும் சென்சார். காந்தம் நெருங்கினால் 'மூடியாச்சு' என்று தகவல் போகும், அவ்வளவுதான். காந்தப் பூட்டு வைத்த வாட்ச் பட்டை அந்த இடத்தில் பட்டாலும் திரை இருண்டுவிடும். தகவல் வந்தால் தூங்கு என்று விண்டோஸ் முன்பே முடிவெடுத்து வைத்திருக்கிறது.

அந்தத் தூக்கமும் பழைய தூக்கமில்லை. முன்பு நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' வந்தபிறகு செல்போன் மாதிரி கோழித்தூக்கம். மெயில் வந்ததா, அப்டேட் இருக்கிறதா என்று இடையிடையே விழிக்கும். மேசைமேல் அது சௌகரியம். காற்றுப் புகாத பைக்குள் விழித்தால் வெந்துபோகும்.

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஓட்டும் மச்சானிடம் புலம்பினேன். "எங்க மெஷின்ல கதவத் தெறந்தா நின்னுடும் மாமா. மறுபடி மூடுனா தானா ஓடாது. ஸ்டார்ட் பட்டனைத் தனியா அமுக்கணும்" என்றான். காளான் தலை மாதிரி இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் அப்படித்தான். அதை விடுவித்ததாலேயே மெஷின் கிளம்பிவிடக் கூடாது என்று ஐஎஸ்ஓ 13850 சொல்கிறது. கை போய்விடும் என்ற பயத்தில் எழுதிய விதி. லேப்டாப்பில் கை போகாது. யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

ஆப்பிள் 2016-இல் ஒரு படி மேலே போனது. முழுதாக அணைத்து வைத்த மேக்புக் ப்ரோகூட மூடியைத் திறந்தால் கிளம்பும். சும்மா துடைக்கத் திறந்தாலும்தான். ஆப்பிள் சிப் உள்ள மாடல்களில் இதை நிறுத்த மேக்ஓஎஸ் செக்கோயா வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் டெர்மினலில் கட்டளை அடித்து.

இதைச் சொன்னபோது மச்சான் சிரித்தான். பவர் பட்டனை 4 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் விண்டோஸைக் கேட்காமலே மின்சாரம் நிற்கும் என்பது மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்சார நிர்வாகத் தரத்தின் விதி அது.

அன்றிரவே கன்ட்ரோல் பேனலில் போய், மூடினால் ஹைபர்நேட் என்று மாற்றினேன். வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு நிஜமாகவே அணைகிறது. இப்போது என் லேப்டாப் மூடியைத் திறந்தால் எழுவதில்லை, பட்டனை அமுக்க வேண்டும். மச்சானுக்கு அதில் பரம திருப்தி.