ஓட்டையை அடைக்க முன்னம் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

 

மாரி தொடங்கப் போகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் சன்ரூஃப் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு, நான் பட்டதைச் சொல்லி வைப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன். கார் இல்லாதவர்களும் கடைசி வரை வாசியுங்கள். உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் வாப்பாவின் பீஜோ 504 காரை உங்களில் பலருக்குத் தெரியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதையில் ஏறி இறங்கிய கார் அது. எத்தனையோ கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. வாப்பா மௌத்தான பிறகு என் கைக்கு வந்தது.

வந்த முதல் மாரியிலேயே முன் சீட்டின் கால் வைக்கும் இடம் நனைந்தது. கராஜுக்குக் கொண்டுபோனேன். "ரப்பர் போயிட்டு சேர்" என்று சொல்லி, சன்ரூஃபைச் சுற்றி சிலிக்கன் பூசித் தந்தார்கள். அடுத்த வருடமும் ஈரம். இன்னும் தடிப்பாகப் பூசினார்கள். மூன்றாம் வருடம் நானே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த பஞ்சு பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. ஸ்குரூ டிரைவரால் தகட்டை மெதுவாகத் தட்டினேன், அது அப்படியே ரோட்டுப் பக்கம் போய்விட்டது. உப்புக் காற்று வீசும் ஊரில் ஈரத் தகட்டுக்கு அவ்வளவுதான் ஆயுள். வாப்பா இத்தனை வருடம் காப்பாற்றிய காரை நான் மூன்று மாரியில் உக்க விட்டுவிட்டேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. சறுக்கித் திறக்கும் கூரையைச் சுற்றியுள்ள ரப்பர், தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்குச் செய்யப்பட்டதே இல்லை. கொஞ்சம் உள்ளே வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். வரும் தண்ணீர், கூரைக்குள் சுற்றிவர இருக்கும் ஒரு பீலியில் விழும். பீலியின் மூலைகளில் சிறு குழாய்கள் இருக்கும். முன்பக்கக் குழாய்கள் முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள்ளால் இறங்கி, தண்ணீரை வெளியே விட்டுவிடும். குழாய் அடைபட்டால் பீலி நிரம்பி, தண்ணீர் காருக்குள் வழியும். வீட்டுப் பீலியில் இலை அடைத்தால் சுவர் ஊறுகிறதே, அதேதான். அதற்கு யாராவது ஓட்டுக்குச் சிலிக்கன் பூசுவோமா?

பூசியதையெல்லாம் வெட்டி எடுத்துக் கூரையைத் திறந்தேன். பீலி முழுக்க வேப்பிலையும் மண்ணும். குழாய் வாயில் என்ன இருந்தது தெரியுமா? உள்ளே உதிர்ந்த சிலிக்கன் துண்டு. வைத்தியமே நோயைக் கூட்டியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூரையைத் திறந்து, பீலியின் மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் ஒழுகினால் வழி சரி. தேங்கி நின்றால் அடைப்பு. கம்பி விடாதீர்கள், பழைய குழாயைக் கிழித்துவிடும். கராஜ் காற்றை வேகமாக அடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும், பிறகு கூரைத் துணியைக் கழற்ற வேண்டிவரும். நமது ஊரில் இருக்கவே இருக்கிறது தங்கூசி. தடித்ததாக வாங்கி, நுனியை நெருப்பில் காட்டி உருட்டையாக்கி, மெல்ல உள்ளே விட்டு எடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வழி திறந்த பிறகும் உள்ளே ஈரம் இருந்தால் அப்போது ரப்பரைப் பாருங்கள். ரப்பர் உண்மையிலேயே கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டாவது வேலை. கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவிடவும் மறக்க வேண்டாம்.

கராஜ்காரரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. "இன்றைக்கே முடித்துத் தாங்க" என்று நின்றது நான்தானே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தும், புதுக் காரின் விலை நம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். பூசி மெழுகினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், உள்ளே உக்கிக்கொண்டே போகும்.

இனி கார் இல்லாதவர்களுக்கு. உங்கள் வீட்டு வாசலில் ரோட்டுக் கான் இருக்கிறதல்லவா? அதன் மேல் துப்புரவு செய்ய ஒரு வாய்கூட விடாமல் கொங்கிறீட் போட்டு மூடியிருக்கிறோம். வளவை மண் போட்டு உயர்த்தியிருக்கிறோம். பொலித்தீன் பைகளைக் கானுக்குள் தள்ளுகிறோம். மழை வந்து பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், சபை ஒன்றும் செய்யவில்லை என்று இதே முகநூலில் எழுதுகிறோம். சபைக்கும் கடமை இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மழையை எந்தச் சபையாலும் நிறுத்த முடியாது. அது வந்தே தீரும். போக வழி விட்டோமா என்பதுதான் நம்மிடம் இருக்கும் கேள்வி.

வருகிற சனிக்கிழமை காலை நானும் என் மகனும் எங்கள் வாசல் கானைத் திறந்து சுத்தம் செய்யப் போகிறோம். நம்ம ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரு மண்வெட்டியோடு வாருங்கள். காரின் குழாயைப் பார்க்க வேண்டியவர்களும் வாருங்கள். தங்கூசி என்னிடம் இருக்கிறது.